பின்லாந்தின் பிடில் ஊர் காவுஸ்தினென்

ஓர் ஊரைப் பற்றிக் கேட்பவர் முதலில் அறிய விரும்புவன இரண்டு. அஃது எவ்வளவு பெரியது? அங்கு என்ன விளைகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறிப் பார்த்தால், காவுஸ்தினென் என்னும் பின்லாந்துச் சிற்றூர் எவர் கவனத்தையும் கவரக்கூடியதன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரில் பாதி. அங்கு வாழ்வோரோ நாலாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவரே. பால்மாடு, உருளைக்கிழங்கு, காட்டு மரம் இவையே நெடுங்காலப் பிழைப்பு. இத்தகைய ஊர்கள் பின்லாந்தில் நூற்றுக்கணக்கில் உள்ளன.

ஆயினும் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் வாழும் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இவ்வூரின் பிடில் வாசிப்பைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில் பின்லாந்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது, சௌனா எனப்படும் வெந்நீராவிக் குளியல் மரபு. அது நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான வழக்கம். அது பெருமை பெற்றதில் வியப்பில்லை. அதற்கடுத்த இடத்தை ஒரு சிற்றூரின் பிடில் எவ்வாறு பெற்றது? அந்த ஊரின் மண்ணையும் ஆட்சியையும் பள்ளியையும் ஒருசேரப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடைக்காது.

ஊரும் ஆறும்

பின்லாந்தின் மேற்கே போத்னியா வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் சமவெளி நாட்டுக்கு ஒஸ்ட்ரோபோத்னியா என்று பெயர். அதன் நடுப்பகுதியில் கொக்கொலா என்னும் துறைமுக நகர் உள்ளது. அந்நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்நாட்டில், பெர்ஹோ ஆற்றின் கரையில் அமைந்தது காவுஸ்தினென். ஆற்றின் இருமருங்கும் வயல். வயலுக்கு அப்பால் ஊசியிலை மரக் காடு. இடையிடையே செந்நிறம் பூசிய மரவீடுகள். மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

இச்சமவெளியின் வரலாறு வியப்பானது. பனியூழிக் காலத்தில் பெரும்பனிப் பாறையின் சுமையால் கீழே அழுந்திய நிலம், பனி உருகியபின் மெல்ல மெல்ல மேலெழுந்து வருகிறது. கொக்கொலாக் கரையில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அளவில் நிலம் உயர்கிறது. ஆகவே இன்று கதிர் விளையும் வயல்கள் பல முன்னொரு காலத்தில் கடலடியாக இருந்தவை. கடல் விட்டுச் சென்ற களிமண்ணே உழவனுக்குக் கிடைத்த சொத்து.

ஊர் வடக்கே 63 பாகைக்கு மேல் இருத்தலால், ஜூன் மாதக் கடைசியில் இருபது மணி நேரத்துக்கும் அதிகமாகப் பகல் நீளும். டிசம்பரிலோ நான்கு மணி நேரம் வெளிச்சம் இருந்தால் மிகுதி. கோடையில் இரவும் பகலும் உழைப்பு. மாரியில் நீண்ட இருட்டும் வீட்டினுள் அடைபட்ட வாழ்வும். அந்த இருட்டில் கைக்கு ஒரு வேலையும் மனத்துக்கு ஒரு துணையும் வேண்டியிருந்தன.

பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்நாட்டு மக்கள் பைன் மரத்தை மூட்டம் போட்டுக் கீல் இறக்கினர். மரக்கப்பல்களுக்குப் பூசும் அந்தக் கீலை ஐரோப்பாவின் கடலோடிகள் எல்லாரும் விரும்பி வாங்கினர். ஆனால் அக்காலத்தில் பின்லாந்து சுவீடன் நாட்டின் ஒரு பகுதி. கீலை அயல்நாடுகளுக்கு நேரே விற்க ஒஸ்ட்ரோபோத்னிய நகரங்களுக்கு உரிமை இல்லை. இலாபம் ஸ்டாக்ஹோம் வணிகருக்கே சென்றது. இந்தத் தடையை எதிர்த்துப் போராடி 1765-ஆம் ஆண்டில் வெற்றி கண்டவர் ஆண்டர்ஸ் கிதேனியுஸ் என்னும் பாதிரியார். அவர் 1753 முதல் 1770 வரை பணியாற்றிய ஆலவெத்தெலி, இதே பெர்ஹோ ஆற்றங்கரை ஊர். 1766-ஆம் ஆண்டில் சுவீடன் இயற்றிய அச்சுரிமைச் சட்டத்துக்கும் அவரே முதன்மையாக உழைத்தார். தலைநகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாத இயல்பு இந்த ஆற்றங்கரைக்குப் புதிதன்று என்பதற்காகவே இது குறிப்பிடத்தக்கது.

ஊர்ப்பெயரும் வேற்றுமை உருபும்

தமிழாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. பின்னிய மொழி அதன் அண்டை மொழியான சுவீடியத்தோடு உறவற்றது. எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவுடையது. அது தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழி. பெயர்ச்சொல்லின் பின்னே உருபுகள் ஒட்டிக்கொண்டு பொருளை வேறுபடுத்தும். டாக்டர் கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளைப் பின்னியம் முதலான மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததற்கு இந்த அமைப்பொற்றுமையே காரணம். இரண்டும் ஒரே குடும்பம் என்னும் கருத்தை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. ஒட்டுநிலை என்பது அமைப்பு. குடிவழி என்பது வேறு.

பின்னியத்தில் இடப்பொருள் உணர்த்தும் உருபுகள் இருவகைப்படும். சில ஊர்ப்பெயர்கள் உள்ளே என்னும் பொருள்தரும் உருபை ஏற்கும். சில மேலே என்னும் பொருள்தரும் உருபை ஏற்கும். ஹெல்சிங்கி நகர் முதல் வகை. காவுஸ்தினென் இரண்டாம் வகை. அவ்வூரில் என்பதற்குக் ‘காவுஸ்திசெல்லா’ என்று சொல்வர். எந்த ஊருக்கு எந்த உருபு என்பதற்கு முழுமையான இலக்கண விதி இல்லை. ஊராரின் வழக்கே விதி. ஊரார் நாவே தீர்ப்பளிக்கும் இந்த முறையை மனத்திற்கொண்டால், பின்வரும் இசைச் செய்தியும் எளிதில் விளங்கும்.

ஊராட்சி என்னும் அமைப்பு

பின்லாந்தில் ஓர் ஊர் என்பது வெறும் குடியிருப்பன்று. அஃது ஓர் ஆட்சி. பழங்காலத்தில் கோயிற்பற்றே, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட மக்கட்கூட்டமே, ஊர்க்காரியங்களையும் கவனித்து வந்தது. 1865-ஆம் ஆண்டு ஆணையின்படி நாட்டுப்புற ஊராட்சி தேவாலயத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அன்று முதல் ஏழையர் பராமரிப்பு, பள்ளி, சாலை முதலியன ஊராரின் பொறுப்பாயின. இன்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்களின் வருமானத்தில் ஒரு பங்கை வரியாகப் பெறும் உரிமையும் ஊராட்சிக்கு உண்டு.

ஆரம்பக் கல்வி ஊராட்சியின் கடமை. 1921-ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் நண்பகல் உணவு இலவசமாக வழங்கப்படுகிறது. போரினால் நலிந்து கடன்பட்டிருந்த நாடு அப்போது அதைச் செய்தது. நூலகமும் ஊராட்சியின் பொறுப்பே. எந்தச் சிற்றூரிலும் நூல்களை விலையின்றி இரவல் பெறலாம்.

ஆனால் சிற்றூர்களின் நிலை எளிதாக இல்லை. 1960-களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டிருந்த ஊராட்சிகள், ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இன்று முந்நூறுக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டன. 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மருத்துவமும் சமூகநலப் பணிகளும் ஊராட்சிகளிடமிருந்து எடுக்கப்பட்டு, வட்டார அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கேற்ப வரியின் பெரும்பகுதியும் கைமாறியது. இன்று சிறிய ஊராட்சியின் கையில் முதன்மையாக எஞ்சியிருப்பவை பள்ளி, நூலகம், பண்பாட்டுப் பணி ஆகியவை. எனவே ஓர் ஊர் தனக்கென ஒரு முகம் உடையதா இல்லையா என்பது முன்னைவிட இன்று பெரிய வினாவாகிவிட்டது.

பிடில் வந்த வழி

பின்லாந்தின் பழைய இசைக்கருவி காந்தெலே. மடியிலோ மேசையிலோ வைத்து விரலால் மீட்டும் நரம்புக் கருவி அது. யாழினத்தைச் சேர்ந்தது என்று சொல்லலாம். மேற்குப் பகுதிகளிலோ, பதினேழாம் நூற்றாண்டு முதல் சுவீடன் வழியே பிடிலும், அதனோடு போல்ஸ்கா என்னும் மூன்றன் நடையில் அமைந்த ஆட்டமும் பரவின. ஊர்ப் பிடில்காரனைப் பின்னியர் ‘பெலிமன்னி’ என்பர். இச்சொல்லும் ‘இசைப்போன்’ என்று பொருள்படும் சுவீடியச் சொல்லின் திரிபே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்ட்ஸ், போல்க்கா முதலிய புதிய ஆட்டங்கள் வந்தன. பெலிமன்னி பழையதைக் கைவிடாமல் புதியதையும் சேர்த்துக்கொண்டான்.

அந்நூற்றாண்டில்தான் ஒரு பெரும் சோதனையும் வந்தது. கிறித்தவச் சமய எழுச்சி இயக்கங்கள் பின்லாந்தின் நாட்டுப்புறங்களில் பரவின. பல ஊர்களில் ஆட்டம் பாவமாயிற்று. ஆட்டத்துக்கு உதவிய பிடிலும் சாத்தானின் கருவியாயிற்று. வாசித்தவர்கள் கைவிட்டனர், கேட்டவர்கள் மறந்தனர். காவுஸ்தினெனில் பிடிலின் ஒலி அறவே நிற்கவில்லை. அவ்வூரிலும் அண்டையிலுள்ள வெத்தெலியிலும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மரபு இடையறாது வந்துள்ளது. மரபு என்பது நீண்ட சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்த கண்ணிக்குப் பிடிமானம் இல்லை. ஒரு தலைமுறை கற்காதிருந்தால் போதும், இரண்டு நூற்றாண்டுச் செல்வம் மறைந்துவிடும்.

திருமண வீட்டு இசை

பிடிலுக்கு உயிர்கொடுத்தது திருமணம். ஒஸ்ட்ரோபோத்னியாவில் வசதியுள்ள உழவர் வீட்டுத் திருமணங்கள் பல நாள் நடந்தன. மணமகள் தலையில் பெரிய முடி சூட்டப்பட்டது. ஆதலின் அவற்றுக்கு முடித்திருமணம் என்றே பெயர். ஊர்வலத்தின் முன்னே பிடில்காரர் நடந்தனர். மணமக்களை அழைத்து வரும்போது ஒரு நடைமெட்டு. பின் இரவெல்லாம் ஆட்டமெட்டுகள். தொடர்ந்து ஆடும் ஆட்டங்களின் கோவைக்குக் காவுஸ்தினெனில் ‘புர்ப்புரி’ என்று பெயர்.

பல நாள் ஆட்டத்துக்கு ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க முடியுமா? ஆகவே பெலிமன்னியின் நினைவில் நூற்றுக்கணக்கான மெட்டுகள் இருக்க வேண்டியதாயிற்று. அவற்றை அவன் குறியீட்டு ஏட்டைப் பார்த்துக் கற்றவனல்லன். தந்தையும் பக்கத்து வீட்டாரும் வாசிக்கக் கேட்டுக் கற்றவன். செவிவழிக் கற்றதனால் மெட்டு ஒவ்வொரு கையிலும் சிறிது மாறியது. இதனைப் பிழை என்று எவரும் கூறவில்லை. அவனுடைய கை அது என்றே மதித்தனர்.

காவுஸ்தினென் வாசிப்பு கேட்டவுடன் அடையாளம் தெரியக்கூடியது. தாளத்தின் எதிர்பாராத இடத்தில் வில் அழுத்தம் கொடுக்கும். காலும் தரையில் தட்டும். கேட்பவர் உட்கார்ந்திருப்பது கடினம். பிடில்கள் முன்செல்ல, காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்மோனியமும், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ் பிடிலும் துணைசெல்லும். காந்தெலே, மாண்டலின், அக்கார்டியன் ஆகியனவும் சேர்வதுண்டு. ஒருவன் மட்டும் உயர்ந்து நின்று மற்றவர் அவனுக்குப் பக்கவாத்தியம் ஆகும் முறை இங்கு இல்லை. பல பிடில்கள் ஒன்றாய் எழுவதே இவ்வூர் இசையின் சுவை.

இருவர் வாழ்க்கை

இவ்வூர் தந்த இசையாளரில் இருவரைப் பற்றி மட்டும் இங்குக் கூறலாம். ஒருவர் கிரேத்தா ஹாபசாலோ அம்மையார். 1813-ஆம் ஆண்டில் காவுஸ்தினெனில் பிறந்தவர். இவர் கருவி பிடிலன்று, காந்தெலே. மணமாகிப் பிள்ளைகள் பெற்று வறுமையில் உழன்றபோது, குடும்பத்தைக் காக்கக் காந்தெலேயை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பாடினார். 1853-ஆம் ஆண்டில் தலைநகர் ஹெல்சிங்கியில் அவர் பாடியபோது, கற்றவர்கள் அவரிடத்தில் தம் நாட்டின் பழமையையே கண்டதுபோல் போற்றினர். ஏக்மன் என்னும் ஓவியர், குடியானவர் குடிசையில் அவர் காந்தெலே மீட்டும் காட்சியை 1868-ல் தீட்டினார். அம்மையார் 1893-ல் மறைந்தார். கற்றவர்கள் அவரை ஒரு சின்னமாகக் கண்டனர். அவருக்கோ அது பிள்ளைகளின் உணவு. நாட்டுக்கலையைப் போற்றுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

மற்றவர் கொன்ஸ்தா யூல்ஹா. 1910-ல் பிறந்து 1984-ல் மறைந்தவர். திருமணங்களில் வாசித்து வளர்ந்த இவர், 1946-ஆம் ஆண்டில் தோழர்களோடு ‘புர்ப்புரி பெலிமன்னிகள்’ என்னும் குழுவைத் தொடங்கினார். பழைய மெட்டுகளோடு தாமே புதியன படைத்தார். ‘கொன்ஸ்தாவின் மேலான வால்ட்ஸ்’ என்னும் மெட்டு நாடெங்கும் புகழ்பெற்றது. ‘மௌனமான பிடில்’ என்பது இன்னொன்று. மரபைக் காப்பவன் புதிதாக எதையும் ஆக்கக்கூடாது என்ற எண்ணம் இவ்வூரில் என்றும் இருந்ததில்லை. ஆக்கியது நன்றாயிருந்தால் அடுத்த வீட்டான் வாசிப்பான். இல்லையேல் அது தானே மறைந்துபோகும். வேறு தணிக்கை இல்லை.

1968

1960-களின் பிற்பாதியில் பின்லாந்தின் நாட்டுப்புறம் ஆட்டம் கண்டது. உழவுப் பொறிகளும் மரம் வெட்டும் பொறிகளும் வந்து கைகளுக்கு வேலை இல்லாமற் செய்தன. பால் மிகுதி, தானியம் மிகுதி என்று சொல்லி, வயலைத் தரிசாகப் போடும் உழவனுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் சட்டம் 1969-ல் வந்தது. இளைஞர் தெற்கேயுள்ள நகரங்களுக்கும், கடல் கடந்து சுவீடன் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளியேற்றம் உச்சத்தை எட்டியது. ஊர்கள் முதியோர் இல்லங்களாய் மாறிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. நாட்டிசையோ நாகரிகம் அறியாதோர் பொழுதுபோக்கு என்று நகரத்தார் நினைத்த காலம் அது.

அந்த வேளையில்தான், 1968 ஜூலையில், காவுஸ்தினென் தன் முதல் நாட்டிசை விழாவை நடத்தியது. நாட்டிசை ஆராய்ச்சியாளர் எர்க்கி ஆலா கொன்னி வழிகாட்டினார்; வேலையை ஊரார் செய்தனர். பின்லாந்தில் ‘தால்கோத்’ என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்குக் கூரை போடவோ அறுவடை முடிக்கவோ அயலார் அனைவரும் கூலியின்றிக் கூடி உழைப்பர். உழைத்தவர்க்கு வீட்டுக்காரர் உணவளிப்பர். மலாய் மக்களின் கோத்தோங் ரோயோங் போன்றது. மேடை அமைத்தல், சமைத்தல், வழிகாட்டுதல் அனைத்தும் இவ்வாறே நடந்தன. இன்றும் கோடைதோறும் நடைபெறும் அவ்விழாவைத் தாங்கிநிற்பது ஊராரின் தன்னார்வ உழைப்பே. ஊரின் மக்கட்டொகையைப் போல் பன்மடங்கான விருந்தினர் அப்போது அங்குத் திரள்கின்றனர்.

விழா ஊராருக்குப் பணத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்தது. தாத்தாவின் பிடிலைப் பரணில் போட்டு மறைத்த பேரன், அதைக் கேட்பதற்காக அயல்நாட்டார் வருவதைக் கண்டான். நாணம் நீங்கியது.

விழா முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிவிட்டுப் போயிருந்தால், மற்ற விழாக்களைப் போல் இதுவும் ஆகியிருக்கும். ஊரார் அதனோடு நில்லாமல் நிறுவனங்களை எழுப்பினர். 1974-ஆம் ஆண்டில் நாட்டிசை நிலையம் காவுஸ்தினெனில் தொடங்கப்பட்டு, மெட்டுகளைப் பதிவுசெய்யவும் நூல்கள் வெளியிடவும் முற்பட்டது. அதன் இயக்குநராயிருந்த ஹெய்க்கி லாய்த்தினென், 1983-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிலுள்ள சிபேலியுஸ் இசைக்கல்லூரியில் நாட்டிசைத் துறை தோன்றியபோது அதற்குத் தலைமை ஏற்றார். உயர்கல்வி நிலையம் சிற்றூருக்குக் கற்பிப்பது உலக வழக்கம். இங்கே சிற்றூர் உயர்கல்வி நிலையத்துக்கு ஆசானை அனுப்பியது. காவுஸ்தினெனில் பிறந்த யூஹா காங்காஸ் 1972-ல் கொக்கொலாவில் தொடங்கிய ஒஸ்ட்ரோபோத்னிய நரம்பிசைக் குழு உலகப் புகழ்பெற்றது. 1982-ல் எழுந்த யார்வெலா ஊர் இளைஞர் குழு, பிடில்கள் பல ஒன்றாய் ஒலிக்கும் தங்கள் ஊர்ப் பாணியை அயல்நாட்டு மேடைகளுக்கு எடுத்துச் சென்றது. 1986-ல் ‘தல்லாரி’ என்னும் தொழில்முறை நாட்டிசைக் குழு இவ்வூரிலேயே அமைந்தது.

பள்ளியும் பிடிலும்

ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. விழாவும் நிலையமும் இருந்தும், 1980-களில் ஒரு குறை புலப்பட்டது. திருமண வீடுகளில் பல நாள் இசை என்னும் வழக்கம் அருகிவிட்டது. குழந்தை தானே கேட்டுக் கற்கும் வாய்ப்பு குறைந்தது. இனி மெட்டு யார் வழியே அடுத்த தலைமுறையை அடையும்?

இதற்கு வழிகண்டவர் மவுனோ யார்வெலா. 1949-ல் பிறந்த இவர், பிடில் குடும்பத்தில் தோன்றி, ஹெல்சிங்கியில் முறையான மேனாட்டிசையும் பயின்று, பின் தம் ஊருக்கே திரும்பியவர். அவர் வகுத்த பயிற்சிமுறைக்கு ‘நாப்பாரி’ என்று பெயர். அதன் கருத்து எளியது. வழக்கமான இசைப்பள்ளியில் குழந்தை ஆண்டுக்கணக்கில் தனியே பயின்று, தேறியபின்புதான் குழுவில் இடம்பெறும். நாப்பாரியில் முதல் நாளே குழுவில் இடம் உண்டு. விரல் வைக்கத் தெரியாத சிறுவன் திறந்த நரம்பை மட்டும் தாளத்துக்கு இழுப்பான். ஓராண்டு பயின்றவன் எளிய துணைமெட்டை வாசிப்பான். வல்லவன் முழுமெட்டை வாசிப்பான். மூவரும் வாசிப்பது ஒரே பாட்டு. விரும்பினால் தாய் தந்தையரும் கருவியெடுத்துப் பின்வரிசையில் உட்காரலாம்.

இம்முறையில் மூன்று நன்மைகள் உள்ளன. முதலாவது, தான் எழுப்பும் சிறு ஒலி பெரிய இசையில் கலந்து ஒலிப்பதைக் குழந்தை தன் காதாலேயே கேட்கிறது. அந்த இன்பமே மறுநாள் அதனைப் பிடிலிடம் இழுத்து வரும். இரண்டாவது, முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்கு வழிகாட்டியாகிறான். போட்டிக்கு இடம் குறைகிறது. மூன்றாவது, ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும், திறமை மிக்கதும் குறைந்ததும் ஒரே வரிசையில் நிற்கின்றன. விழா நாட்களில் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் ஒரே மேடையில் பிடில் பிடித்து நிற்கும் காட்சி, காவுஸ்தினெனுக்கு வருவோர் மறவாத காட்சியாகும்.

அவர்கள் அனைவரும் பெரிய கலைஞர் ஆவார்களா? ஆகமாட்டார்கள். அது நோக்கமுமன்று. ஒருவன் மின்தொழிலாளி ஆவான், ஒருத்தி தாதியாவாள். ஆனால் அவர்கள் தங்கள் ஊர் மெட்டு எது, பிறிது எது என்று கேட்டவுடன் அறியும் செவியுடையவராய் இருப்பர். கலைக்குக் கலைஞன் எவ்வளவு இன்றியமையாதவனோ, அறிந்து கேட்பவனும் அவ்வளவு இன்றியமையாதவன். அவன் இல்லாத ஊரில் கலைஞன் நெடுநாள் தங்கான்.

ஐயங்கள் இரண்டு

இவ்வளவும் கூறியபின் குறைகளையும் கூறுவதே முறை. முதல் ஐயம்: திருமண வீட்டில் பிறந்த இசையைப் பள்ளியிலும் மேடையிலும் அமர்த்தியபின் அஃது அதே இசைதானா? பழைய பெலிமன்னி ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வாசித்தான். மேடைக் கலைஞன் அமர்ந்து கேட்போரைப் பார்த்து வாசிக்கிறான். ஆசிரியர் ஒருவர் பலருக்குக் கற்பிக்கும்போது, வீட்டுக்கு வீடு இருந்த சிறு வேறுபாடுகள் தேய்ந்துபோகும் ஆபத்து உண்மையில் உண்டு. குறியீட்டு ஏட்டைத் துணையாகக் கொண்டாலும் செவிவழிக் கற்றலைக் கைவிடலாகாது என்று அவ்வூர் ஆசிரியர்கள் இன்றும் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

இரண்டாம் ஐயம் இன்னும் கடுமையானது. கற்பிக்கப் பிள்ளைகள் இருப்பார்களா? பின்லாந்தில் ஒரு தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2010-ல் 1.87, அது 2023-ல் 1.26 ஆகக் குறைந்தது. நாட்டுப்புறத்தில் இளைஞர் வெளியேற்றமும் சேர்ந்துகொள்கிறது. பல சிற்றூர்களில் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. காவுஸ்தினென் சுற்றுப்புறத்தின் பாறைகளில் லித்தியம் உள்ளது. மின்கலம் செய்ய அது தேவைப்படுவதால் சுரங்கத் தொழில் அங்குக் கால்கொண்டு வருகிறது. அதனால் வேலையும் மக்களும் வரக்கூடும். காடும் நீரும் கெடக்கூடாது என்ற கவலையும் உடன்வருகிறது. பிடில் ஒன்றினால் ஓர் ஊர் வாழ்ந்துவிடும் என்று எவரும் சொல்லமாட்டார்.

ஆயினும் ஒன்று உறுதி. வேலையைத் தேடி ஒருவன் எந்த ஊருக்கும் போகலாம். அவன் திரும்பி வருவதானால், வேலைக்கு அப்பாற்பட்ட ஒரு காரணம் வேண்டும். மவுனோ யார்வெலா திரும்பி வந்தார். பெர் ஹென்ரிக் நோர்ட்கிரென் என்னும் பெயர்பெற்ற இசைப்புலவர், அவ்வூரில் பிறவாதவராயிருந்தும், 1973-ல் அங்குக் குடியேறி 2008-ல் மறையும் வரை அவ்வூரையே தம் ஊராகக் கொண்டார். பட்டியல்களும் விருதுகளும் வருவதற்கு முன்பே இவ்விருவரையும் இழுத்த ஏதோ ஒன்று அங்கே இருந்தது.

ஊரின் உயிர்

காவுஸ்தினென் பெற்ற பெருமைக்கு மூன்று காரணங்கள் இதுவரை கண்டவற்றிலிருந்து தெளிவாகின்றன. சமயக் கண்டிப்பும் நகர நாகரிகமும் இகழ்ந்த காலத்திலும் ஊரார் தம் கலையைக் கைவிடவில்லை. அதை ஒரு சிலரின் உரிமையாக்காமல் கூட்டுழைப்பால் எல்லாருக்கும் பொதுவாக்கினர். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு கற்பித்த காலம் மாறியபோது, கற்பிக்கும் பொறுப்பைத் தாமதமின்றி வேறு கைகளில் ஒப்படைத்தனர்.

மெட்டுகள் எல்லாம் ஒலிநாடாவில் பதிவாகி நிலையத்தில் இருக்கின்றன. ஆனால் திருமண ஊர்வலத்தின் முன்னே ஒலிநாடா நடந்து செல்லாது. அங்கே நடக்க ஒருவன் வேண்டும். அவன் பின்னே நடக்க ஒரு சிறுவன் வேண்டும். அந்தச் சிறுவன் கையில் பிடிலைக் கொடுத்து, தெரிந்தவரையில் வாசி என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். இம்மூவரும் இருக்கும் வரையில் பெர்ஹோ ஆற்றங்கரையில் அந்த ஒலி கேட்டுக்கொண்டேயிருக்கும்.